விறைத்த சட்டை

"குளிர் எச்சரிக்கை ஆரஞ்சுதானே, சிவப்பு வந்தா பாத்துக்கலாம்" என்றுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான் எழில்வாணன். வெயில் பளீரென்று அடித்தது. பனி உறையும் அந்த ஊருக்குப் புதிதாக வந்திருந்த அவன் மனைவி பூங்கோதை, துவைத்த அவன் சட்டையின் கைகளில் கிளிப் மாட்டிப் பால்கனியில் காயப்போட்டாள்.

மதியம் செல்போன் அலறியது. சிவப்பு. மூடாத தோல் ஐந்தே நிமிடத்தில் உறைந்துவிடுமாம். பால்கனிக்கு ஓடினாள். சட்டை விறைத்து, கைகளை விரித்துக்கொண்டு, உள்ளே ஆள் இருப்பதுபோல் நின்றது. எழில்வாணனைக் கூப்பிட்டாள், மணி போனது, எடுக்கவில்லை.

சட்டையைத் தூக்கிவந்து ஹீட்டர் பக்கத்தில் சோபாவில் சாய்த்து, எதிரே உட்கார்ந்தாள்.  சட்டை மெல்லத் தோளைத் தளர்த்தியது. பிறகு ஒரு கையை மடியில் இறக்கியது.

"அந்தக் கையும்..." என்று அதனிடம் கெஞ்சினாள் பூங்கோதை.