வேலிப்பருத்திக் கஷாயம்

"இன்னாக்கா, வூட்ல எலி எதுனா செத்துக் கீதா?"

வேலைக்கு வந்த கங்கம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் பிரசவத்துக்காக ஒரு வாரம் படப்பைக்குப் போயிருந்தவள் அன்றுதான் திரும்பியிருந்தாள்.

"எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கஷாயம்டி" என்றாள் சாராள். நடுங்கிய வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நடுக்கத்துக்குன்னு மேடவாக்கத்துல சித்த வைத்தியர் எழுதிக் கொடுத்தாரு. அவ்வளவு நாறுதா?"

"நாறுதாவா? குப்ப வண்டியே தேவலாம். அண்ணன் எப்டிக்கா கிட்ட நின்னுகினு காச்சுது?"

"அவரக் கேட்டா வாசனையே இல்லங்கறாரு."

"ஐயே! அது உனுக்காவ சொல்லுது. என் வூட்டுக்காரன் கீறானே, கொழம்பு லேசா தீஞ்சாலே தெருவக் கூட்டிடுவான். நீ குடுத்து வச்ச மகராசிக்கா."

கங்கம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள்.

பார்க்கின்சன் நோய் சாராளிடமிருந்து எடுத்துக்கொண்டவை கொஞ்சமில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்டுவது, பேங்க்கில் கையெழுத்துப் போடுவது, சர்ச்சில் கோயர் வரிசையில் நின்று பாடுவது. மூக்கும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. பால் பொங்கித் தீய்ந்தாலும் யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. அதனால் கஷாயம் நாறவில்லை என்று கணவர் யேசுதாசன் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள்.

அவரோ சாதாரண மூக்குக்காரர் இல்லை. மின்சார ரயிலில் கார்டாக இருந்த காலத்தில், டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்காமலே தேங்காய்ச் சட்னி ஊசிவிட்டதென்று சொல்லித் திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்ட மனிதர் தினமும் ஸ்கூட்டரில் பள்ளிக்கரணை வரை போய், வேலியோரம் வேலிப்பருத்தி இலையைத் தேடிப் பறித்து வந்து, முக்கால் மணி நேரம் அடுப்படியில் நிற்கிறார். முகம் சுளித்ததில்லை. முப்பத்தோரு வருடத்தில் ஆசையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர், இப்படி ஒரு பொய்யை எங்கே கற்றுக்கொண்டார்?

யேசுதாசன் டம்ளரோடு வந்தார்.

"இந்தா சாரா. சூடு ஆறிடுச்சு, ஒரே மூச்சுல குடிச்சிடு."

"என்னங்க, நாளையிலேர்ந்து இது வேணாம்."

அவர் முகம் வாடியது. "ஏன்? நாலு நாளா நல்லாத் தூங்கறியே."

அது உண்மைதான். கஷாயத்தாலா, நம்பிக்கையாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நெடுநாள் கழித்து இரவில் உடம்பு தளர்ந்து கிடந்தது. அதைக் கைவிட மனமில்லைதான்.

"வைத்தியரே இங்கிலீஷ் மாத்திரைய விட்டுடாதீங்கன்னுதானே சொன்னாரு? அது போதும் எனக்கு. இதுக்காக நீங்க படற பாடு..."

"நான் என்ன பாடு பட்டேன்? ரெண்டு டம்ளர் தண்ணி அரை டம்ளர் ஆகற வரைக்கும் நிக்கறேன். ரிட்டையர் ஆனவனுக்கு வேற என்ன ட்யூட்டி?"

"நாத்தம்?"

"என்ன நாத்தம்?"

"போதும் நடிச்சது. மேல் வீட்டு ஸ்ரீவித்யா அசோசியேஷன் குரூப்ல போட்டிருக்கா, டிரெய்னேஜ் லீக்காகுதான்னு."

"அந்தப் பொண்ணுக்கு எல்லாமே லீக்தான்." அவர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். "மல்லித் தண்ணி மாதிரிதான் இருக்கு."

கங்கம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். சாராளுக்கும் சிரிப்பு வந்தது. இந்த வயதில் கணவன் பொய்யில் இப்படியொரு இனிப்பு இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

"கண்ண மூடுங்க."

"எதுக்கு? கங்கம்மா முன்னாடி..."

"ஐய, மூஞ்சப் பாரு! மூடுங்கன்னா மூடுங்க."

அவர் டம்ளரைப் பிடித்தபடியே சமர்த்தாகக் கண்ணை மூடினார். சாராள் கண்ணைக் காட்ட, கங்கம்மா புரிந்துகொண்டு தன் பையைத் துழாவினாள். வீட்டுக்கென்று மார்க்கெட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாடு, பிளாஸ்டிக் கவரில் இருந்தது. முடிச்சை அவிழ்த்து, அவர் மூக்குக்கு நேராக விரித்துப் பிடித்தாள்.

"நல்லா மோந்து பாத்து சொல்லுங்க, என்னன்னு" என்றாள் சாராள்.

யேசுதாசன் நெஞ்சு நிமிர மூச்சை இழுத்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. புருவம் சுருங்கவில்லை. தலை பின்னால் போகவில்லை.

"கவர் சத்தம் கேக்குது" என்றார் யோசனையோடு. "உள்ள ஒண்ணும் இல்லையே? வெறும் கவர்தானே?"

"அண்ணன் சினிமாவுக்குப் போயிருக்கணும்க்கா!" கங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாராள் சிரிக்கவில்லை. "நிறையப் பேருக்கு மூக்குதாம்மா முதல்ல போகும், கை நடுங்கறது அதுக்குப் பல வருஷம் கழிச்சு" என்று நரம்பு டாக்டர் சொன்னபோது, "ஆமா டாக்டர், எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சது" என்று தலையாட்டியவள் அவள். டம்ளரைத் துளியும் ஆடாமல் பிடித்திருந்த தன் கணவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.