தொள்ளாயிரம் குதிரை

மணி நாலு இருபது.

“அஞ்சுக்குள்ள கையெழுத்து போடும்மா. ‘நத்தை’ங்கிற அந்த ஆட்டக்காரனோட ஐடியை இன்னிக்கே மூடியாகணும்,” என்றார் தலைமை வடிவமைப்பாளர்.

அவர் நீட்டிய தாளை அவள் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினாள். கார்ப் பந்தய விளையாட்டு தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவள் டெஸ்டர். யாராவது கள்ளத்தனமாக ஆடுகிறார்களா என்று பார்த்துச் சொல்வதும் அவள் வேலைதான். அவள் கையெழுத்து இல்லாமல் எந்த ஐடியையும் மூட முடியாது.

“நத்தை ஏமாத்தல சார். நாலு நாளா ஒவ்வொரு ஆட்டமா ஓட விட்டுப் பார்த்துட்டேன்.”

“நூத்துப்பத்து குதிரைத்திறன்ல ஒரு டப்பா கார். அது நம்ம தொள்ளாயிரம் குதிரைத்திறன் காரை டிரிஃப்ட்ல ஜெயிக்குதாம். காதுல பூ சுத்துறியா? ஆட்டத்துல நான் வடிவமைச்ச காரைக் காசு குடுத்து வாங்கினவன் எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுறான்.”

“டிரிஃப்ட்ல வேகத்துக்கு மார்க் கிடையாது சார். வண்டி எவ்வளவு பக்கவாட்டுல வழுக்குது, எவ்வளவு நேரம் பிடி விடாம வழுக்குது, அதுக்குத்தான் மார்க். விதி எழுதினதே நீங்கதானே?”

“எனக்கே பாடமா? ஞாயித்துக்கிழமை ஃபைனல். அதுல இந்த நத்தை வந்து நின்னா என் கார் மானம் போயிடும்.”

“அப்போ ஏமாத்தினதுக்காக மூடல. ஜெயிச்சதுக்காக மூடுறீங்க.”

தடுப்புகளுக்கு மேல் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

“போடலைன்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்,” என்றார்.

“சரி, வரல. பொய்க்குக் கையெழுத்து போட மாட்டேன்.” அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். “நத்தை இப்போ ஆன்லைன்லதான் இருக்காங்க. நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டுங்க. ஏமாத்தினா என் திரையில சிவப்பு விழும். ஒரே ஒரு சிவப்பு விழட்டும், அடுத்த நிமிஷம் போட்டுடறேன்.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விளையாட்டில் எல்லோருக்கும் புனைபெயர்தான். அவர் மட்டும் தன் பதவியையே பெயராக வைத்திருந்தார். திரையில் ‘தலைமை வடிவமைப்பாளர்’ என்று பொன்னிறத்தில் விழுந்தது. கீழே, சாம்பல் நிறத்தில், ‘நத்தை’.

அவர் தட்டச்சு செய்தார்: “டப்பாவை ஓரமா நிறுத்திட்டு ஓடிடு.”

உடனே பதில் வந்தது: “உங்க குதிரைங்களை ஒரு தடவை எண்ணிக்கோங்க. வழியில ஒண்ணு ரெண்டு விழுந்துடப் போகுது.”

“திமிரைப் பாரு! எவனோ வேலைவெட்டி இல்லாத பய.”

“மரியாதையாத்தான் சார் திட்டுறாங்க,” என்றாள் அவள்.

மலைப்பாதை. பதினொரு வளைவுகள். முதல் வளைவிலேயே அவர் ஆக்சிலரேட்டரை மிதித்த மிதியில் பின்சக்கரங்கள் புகையைக் கக்கின. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. மார்க்கிலும் அவர் முந்தினார்.

நத்தை கால் பிரேக்கையே தொடவில்லை. அந்தச் சின்ன காரில் வேகம் ஒருமுறை குறைந்தால் மறுபடி ஏறாது. அதனால் குறையவே விடவில்லை. வளைவுக்கு வெகு முன்னாலேயே ஹேண்ட்பிரேக்கை ஒரு சுண்டு. வால் வெளியே வீசியது. ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் திரும்பியது. கார் தடுப்புச் சுவரை ஒரு விரல்கடை விட்டு உரசாமல் வழுக்கிப் போய், அதே மூச்சில் அடுத்த வளைவுக்கு வாலை மறுபக்கம் வீசியது. டெஸ்டர் தன் திரையைப் பார்ப்பதையே ஒரு கணம் மறந்தாள்.

ஏழாவது வளைவில் இருவரும் சமம். அவருக்குப் பொறுக்கவில்லை. அடிவரை மிதித்தார். தொள்ளாயிரம் குதிரைகளும் ஒன்றாக இழுத்ததில் கார் பம்பரமாகச் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. அதன் மூக்கைத் தடவுவது போல் நத்தை பக்கவாட்டில் வழுக்கிக் கடந்தது.

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

திரையில் எழுத்து ஓடியது: “காலுக்குக் கொஞ்சம் பொறுமை சொல்லிக் கொடுங்க. போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க.”

“மேலேருந்து கீழே வரைக்கும் பச்சை சார்,” என்றாள் டெஸ்டர். “ஒரு சிவப்பு இல்ல.”

“போட்டிக் கம்பெனிக்காரன் அனுப்பின ஆளா இருப்பான். சம்பளம் வாங்கிட்டு ஆடுறவன். நீ போடு கையெழுத்தை!”

அவள் தாளை எடுத்தாள். இரண்டாகக் கிழித்தாள். அவசரப்படாமல் நான்காகவும் கிழித்தாள்.

“இன்னொரு தாள் கொண்டு வந்தா அதையும் கிழிப்பேன் சார்.”

அவர் முகம் கறுத்தது. “உன் கையெழுத்து இல்லாட்டி போகுது. மேலிடத்துல பேசி நானே மூட வைக்கிறேன். முதல்ல அவன் யாருன்னு பார்க்கிறேன்.”

ஆட்டக்காரர்களின் ஃபோன் எண் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் மட்டும் இருக்கும். அழுத்தினால் அவர்களுக்கு மணி அடிக்கும். அவர் அழுத்தினார். ஸ்பீக்கரில் மூன்று முறை மணி அடித்ததும் யாரோ எடுத்தார்கள்.

“யாருய்யா நீ? தலைமை வடிவமைப்பாளர் பேசுறேன். உன் ஐடியை இப்பவே மூடப் போறேன். தைரியம் இருந்தா யாருன்னு சொல்லு!”

மறுமுனையில் ஒரு பெண்மணி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“குரல் கூடவா தெரியல மாப்பிள்ளை? என் பொண்ணும் பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துட்டுதான் இருந்தா. இப்போ சொல்லுங்க, ஐடியை மூடுறீங்களா, இல்ல இன்னொரு ரவுண்டு வர்றீங்களா?”