ஐந்தாம் செல்லின் கண்

அன்று தவளை முட்டைக்குள் இருந்தவர்கள்: தலைப்பக்கம் வரிசையாக ஒன்பது செல்கள், அவற்றுக்கு நேர் கீழே எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் ஒரு செல். ஆகப் பத்துப் பேர். வால்பக்கத்தாரை நான் எண்ணவில்லை.

அதுவரை எல்லாருக்குள்ளும் இன்னும் தேவைப்படாத மரபணுக்களெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒன்பது பேருக்குள்ளும் கண் மரபணு மட்டும் விழித்துக்கொண்டது.

"நான் கண்." "நானும் கண்தான்டா." முட்டையே உருளும்படி குதித்தார்கள். நட்டநடுவில் இருந்த ஐந்தாமவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒன்பது பேரும் சேர்ந்து ஒரே பெரிய கண். கருவிழி நான்தான்" என்றான்.

அக்கா கீழிருந்து கூப்பிட்டாள். "தம்பி, உன் கண் மரபணுவைத் தூங்கவை. இல்லாவிட்டால் தவளை ஒற்றைக் கண்ணோடு பிறக்கும். எட்டிப் பிடிக்கிற கொசுவெல்லாம் தவறிப்போகும்."

"அந்த ஓரத்துப் பயலிடம் சொல்லுங்களேன், அக்கா."

"அவன் நிறுத்தினால் கண் சிறுக்கும். நீ நிறுத்தினால்தான் கண் இரண்டாகும்."

எட்டுப் பேரும் குதிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள்.

"சரி, ரெண்டு பக்கமும் நல்லாத் தள்ளி உட்காருங்கடா. நான் காலை நீட்டணும்" என்று சொல்லிவிட்டு, ஐந்தாமவன் தன் கண் மரபணுவைத் தட்டித் தூங்கவைத்தான்.

இடப்பக்கத்து நால்வர் சிரித்துக்கொண்டே ஒரு கண் ஆனார்கள். வலப்பக்கத்து நால்வர் இன்னொரு கண் ஆனார்கள். வரிசையில் மிச்சம் ஒருவன்.