முதல் வழி யாருக்கு?

"அம்மா, படம் அப்படியே நின்னு போச்சு! என் குரல் மட்டும்தான் போகுது!"

அறைக் கதவிடுக்கில் தலையை நீட்டி, அழாத குறையாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள் வர்ஷா. லேப்டாப்பில் வேலைக்கான இன்டர்வியூ. படிப்பை முடித்து இரண்டு வருஷம் கழித்து வந்த முதல் அழைப்பு.

சாவித்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று டிவி சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டு, சீரியலில் வெறும் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். இதற்கு மேல் ஒரு தாய் என்னதான் செய்வாள்?

சோபாவில் போனும் கையுமாகக் கணவர் சண்முகசுந்தரம். வைஃபை பெட்டி அவர் ராஜ்ஜியம்.

"என்னங்க, நெட்டுல யாருக்கு முதல்ல வழி விடணும்னு நீங்கதானே செட்டிங் போட்டீங்க? வர்ஷாவை முதல்ல போடுங்க."

"இப்ப அதை மாத்த முடியாது. நான் சொல்றதைக் கேளு..."

"முடியாதா? பெத்த பொண்ணைவிடப் பெரிய மனுஷர் யாரு இங்க?"

அவர் போனில் எட்டிப் பார்த்தாள். முதல் இடத்தில் தாட்சாயிணி.

வீட்டு வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத தாட்சாயிணி!

"பேஷ்! பாத்திரம் தேய்க்கிறவளுக்கு பைபாஸ் ரோடு, பொண்ணுக்குக் குண்டும் குழியுமா?"

பதிலுக்கு நிற்கவில்லை. தினமும் இந்த நேரத்துக்கு தாட்சாயிணி போனோடு பால்கனிக்குப் போவாள். அப்படி யாரிடம் என்னதான் பேசுகிறாள்? ஒரு நாளும் ஒரு வார்த்தை காதில் விழுந்ததில்லை. சாவித்திரி கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தாள். தொட்டிச் செடியில் சாய்த்து வைத்த போனில், சீருடையில் ஒரு சிறுமி. அவள் விரல்கள் படபடவென்று பறந்தன. இந்தப் பக்கம் தாட்சாயிணியின் ஈரக் கைகளும் பறந்தன. இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

திரும்பிய தாட்சாயிணி பதறினாள். "எம் பொண்ணும்மா, பவ்யா. அதுக்குக் காது கேக்காது. ஆஸ்டல்ல இந்நேரத்துக்குத்தான் போன் குடுப்பாங்கோ. வெச்சிடட்டா?"

"நீ பேசு, பேசு."

ஹாலுக்குத் திரும்பியவளின் குரல் இறங்கியிருந்தது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன வாரம் படம் நின்னு நின்னு வந்து, குழந்தை சொல்றது புரியாம தாட்சாயிணி அழுதுட்டா. நம்ம பொண்ணுக்குப் படம் நின்னாலும் குரல் போகும். அந்தப் பொண்ணுக்குக் கைதானே குரல்?"

"சரி, ரெண்டாவதாவது வர்ஷாவைப் போட்டிருக்கலாமில்ல?"

"அந்த இடம் ஏற்கெனவே நீ சண்டை போட்டு வாங்கினது." அவர் டிவியைக் காட்டினார். "சத்தத்தை நிறுத்தினா நெட் மிச்சமாகாது, சாவித்திரி. படம் நெட்லதானே ஓடுது?"

திரையில், சத்தமே இல்லாமல், ஒரு மாமியார் யாரையோ பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

சாவித்திரி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

"சார், இப்ப என்னைப் பார்க்க முடியுதா?" உள்ளே வர்ஷாவின் குரல் தெளிந்திருந்தது.