ரகசியம் காப்பவள்

மூன்றாம் வகுப்பின் கடைசி நாளில், ஆண்டு முழுக்கப் பிள்ளைகளைக் கவனித்து, அவர்களோடு பேசி வந்த வகுப்பறைக் கணினித் திரை ஆளுக்கொரு விருது கொடுத்தது. பக்கத்து வீட்டு ஆதவனுக்கு 'நன்றாகச் சிரிப்பவன்'. நித்திலாவின் சான்றிதழில் 'ரகசியம் காப்பவள்' என்று இருந்தது.

அவளுடைய அப்பா ஞானவேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன ரகசியம்? அந்தத் திரைகிட்ட என்ன சொல்லித் தொலைச்ச?"

"ஒண்ணும் சொல்லலப்பா. முதுகுல ஏன் வலிக்குது, யாரு அடிச்சாங்கன்னு தினமும் கேக்கும். கீழ விழுந்துட்டேன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

ஞானவேல் சான்றிதழைக் கிழிக்கப் போனான். அதுவரை அடுப்படியிலேயே நின்ற அம்மா தவமணி வந்து அதைப் பிடுங்கினாள். வாசலில் நுழைபவர்களின் கண்ணில் முதலில் படும் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

"வர்றவங்க எல்லாரும் கேக்கட்டும், என்ன ரகசியம்னு."