ஆடிப்போன ஜொயின்ட்

"இன்னைக்கும் அந்த மனுசனுக்கு ஆள் அனுப்பிட்டீங்களா?"

றோசலின் கேட்டது கணவனின் கால்களிடம். இராயப்பனின் மற்ற பாகமெல்லாம் காருக்கு அடியில் இருந்தது.

"ஒத்தையில முடியாது றோசலின். ஒருத்தர் இந்தப் பக்கம் சுத்தியலை முட்டுக் குடுக்கணும், இன்னொருத்தர் அந்தப் பக்கம் அடிக்கணும். அப்பத்தான் பழைய ஜொயின்ட் கழலும்."

"போன ஞாயித்துக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க. இத்தனை அடிக்குக் காரே கழண்டிருக்கும்."

இராயப்பன் டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் டீமேக்கர்; தேயிலை ஃபேக்டரி முழுக்க அவர் பொறுப்பு. ஃபேக்டரியில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி, தானே ஓட வைத்துவிடுவார். அப்படிப்பட்டவர், சொந்தக் காரின் ஸ்டியரிங்கில் தேய்ந்த ஜொயின்ட்டை மாற்ற மட்டும் நட்டுக்கு நட்டு வீரய்யாவைத் தேடினார்.

வீரய்யா தோட்டத்து லொறி டிரைவர். அதாவது, டிரைவராக இருந்தவர். மழைக்காலத்தில் ஒரு வளைவில் ஸ்டியரிங் பிடி விட்டுப்போய், கொழுந்து லொறி தேயிலைக்குள் உருண்டது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தேய்ந்த ஜொயின்ட்தான் காரணம், டிரைவர்மேல் தப்பில்லை என்று வெள்ளைக்காரத் துரையே சொல்லிவிட்டார். ஆனாலும் வீரய்யா சாவியை ஆபீஸில் வைத்துவிட்டு மம்பட்டியைத் தூக்கிக்கொண்டார். அதன்பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஹட்டன் டவுனுக்குப் போவதென்றாலும் நடைதான்.

வாரம் முழுக்க மலையில் மண் வெட்டுகிறவரை, ஓய்வு நாளிலும் இழுத்து வைத்து வேலை வாங்கலாமா? றோசலினுக்கு அதுதான் ஆத்திரம்.

"ஹட்டன்ல கராஜே இல்லையா? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணுங்க."

"கராஜ்காரன் கைவேலை எனக்குப் பிடிக்காது."

"உங்க கைவேலை மட்டும் வாழுதாக்கும்! என் நல்ல பீங்கான் தட்டுல கிரீஸைத் தடவி ஊசியை அடுக்கி வச்சிருக்கீங்க."

"அது ஊசி இல்லம்மா. பின்சக்கரத்தைச் சுத்துற தண்டு இருக்கே, அதுக்கும் ஒரு ஜொயின்ட் இருக்கு. அதையும் கழட்டியிருக்கேன், அதுக்குள்ள போற உருளை. ஒண்ணு தொலைஞ்சாலும் வண்டி ஓடாது."

"என் தட்டு வரலைன்னா ராத்திரிச் சோறும் ஓடாது."

வீரய்யா வந்துவிட்டார். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார். டங், டங் என்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பழைய ஜொயின்ட் தரையில் விழுந்தது.

இராயப்பன் அதைத் துடைத்து வீரய்யாவின் கையில் கொடுத்தார். வீரய்யா ஆட்டிப் பார்த்தார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"இது விட்டுப்போச்சுன்னா, யாரு பிடிச்சாலும் வண்டி நிக்காதுங்க ஐயா."

"யாரு பிடிச்சாலும் நிக்காது."

வீரய்யா பழையதை ஓரமாக வைத்தார். புதியதை எடுத்துத் தானே மாட்டினார், முடுக்கினார், கழலாமலிருக்கப் பின்னைச் செருகினார், திரும்பவும் இழுத்துப் பார்த்தார். இராயப்பன் பக்கத்தில் மல்லாந்து படுத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

தேநீர் கொண்டுவந்த றோசலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'படுத்துக்கிட்டே வேலை வாங்குறதைப் பாரு!'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் தயார். மாதா கோயிலுக்குப் போகப் புடவை கட்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் வெளியே வந்தால், இராயப்பன் வலது கையில் பெரிய கட்டோடு நிற்கிறார்.

"சுத்தியல் பட்டிருச்சு."

"வேலைதான் போன வாரமே முடிஞ்சுதே?"

"சும்மா கடைசியா ஒரு தட்டு தட்டினேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பஸ்ஸும் போய்விட்டது. வண்டி எப்படி ஓடுகிறதென்று பார்க்க வந்த வீரய்யா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நீ ஓட்டு வீரய்யா," என்றார் இராயப்பன்.

வீரய்யா பின்னால் நகர்ந்தார். "வேணாங்க ஐயா. அந்த வளைவு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"ஜொயின்ட் போட்டது நீ. நீயே நம்பலைன்னா, நான் எப்படி எம் பொஞ்சாதியை ஏத்துறது?"

அவர் பொஞ்சாதியோ பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தே விட்டாள். "டிரைவரே, பூசை தொடங்கிரும். சீக்கிரம்!"

பழைய பழக்கத்தில் வாயில் வந்த வார்த்தை. வீரய்யா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு துண்டில் கையைத் துடைத்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். இராயப்பன் கட்டுப்போட்ட கையோடு பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார்.

முதலில் கார் மாட்டுவண்டிக்கு வழி விடும் வேகத்தில்தான் போனது. றோசலின் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். லொறி உருண்ட அந்த வளைவு வந்தது. வீரய்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு கியரை மாற்றினார். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி கார் வளைந்து திரும்பியது.

பூசை முடிந்து திரும்பும்போது வீரய்யாவின் தோளில் அந்த விறைப்பு இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். அவர் மனைவி காளியாயி ஈரத்துணியோடு வெளியே ஓடிவந்து, வாயைப் பிளந்தபடி நின்றாள்.

காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வீரய்யா சொன்னார்: "நாளைக்குத் துரையைப் பாத்து, லொறிச் சாவியைக் கேக்கலாம்னு இருக்கேங்க ஐயா."

"கேளு, கேளு."

அவர் போனதும் றோசலின் சுடுதண்ணீரும் மஞ்சளும் கொண்டுவந்தாள். "கையைக் காட்டுங்க."

இராயப்பன் தயங்கித் தயங்கிக் கட்டை அவிழ்த்தார். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"அடிபட்ட இடம் எங்கங்க?"

"வளைவுல வீரய்யா கியர் மாத்தினானே... அப்பவே ஆறிப்போச்சு."