சட்டாம்பிள்ளையின் பாக்கி

முதலில் வம்பு செய்தது சட்டாம்பிள்ளைதான். அதில் டிரைவருக்கு இன்றுவரை சந்தேகமே கிடையாது.

விடிவதற்குள் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வகுப்புக்கு வருகிற பையன், பாடம் முடிந்ததும் பெஞ்சில் கவிழ்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஆனால் வகுப்புக்குத் தலைவனாயிருந்த அந்தச் சட்டாம்பிள்ளை, கரும்பலகையில் தினமும் 'தூங்குமூஞ்சி' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தான். ஒருநாள் அதைத் தலைமையாசிரியர் பார்த்தார்.

"தூங்கறதுக்கு வீடு இருக்கு. போ."

அத்தோடு படிப்பு முடிந்தது. போகிற போக்கில் வீசிய சிலேட்டில் சட்டாம்பிள்ளையின் புருவம் கிழிந்தது உண்மைதான். அது வட்டி. அசல் அப்படியே நிற்கிறது.

தூங்கியதற்காகத் துரத்தப்பட்டவர், பிறகு தூங்காமல் லாரி ஓட்டியே மகளைப் படிக்கவைத்தார்.

அந்த மகள்தான் இப்போது எதிரில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். மூளை அறிவியலும் கல்வியும் சேர்ந்த முதுகலைப் படிப்பு. கடைசி வருடம்.

"ஒரே ஒரு மதியம்ப்பா. பேருகூட கேக்க மாட்டோம், நம்பர்தான். தலையில வயர் வச்ச தொப்பி போடுவோம். காதுல கொஞ்சம் வார்த்தை சொல்லுவோம். நீங்க தூங்கி எழுந்து அதைத் திருப்பிச் சொல்லணும். பாடம் கேட்டதும் தூங்கினா மனசுல நிக்குதான்னு பாக்கறோம்."

"வேற ஆளே இல்லையா?"

"அறுபது தாண்டினவங்க, பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவங்கதான் வேணும். வரேன்னு சொன்னவர் காய்ச்சல்னு படுத்துட்டார். ஒரு ஆள் குறைஞ்சா ஆய்வு நின்னுடும். ஒரு வருஷமே போயிடும்ப்பா."

"அந்த ஆளு நடத்துற இடத்துல நான் தூங்க மாட்டேன்."

"எந்த ஆளு?"

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று கொண்டுவந்த புத்தகத்தில், இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியரின் படம் இருந்தது. பெயரைப் பார்த்தார். புருவத்துத் தழும்பைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

"பெத்த பொண்ணுக்காக ஒரு மதியம் தூங்கினா கிரீடம் இறங்கிடுமா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. "இங்க உக்காந்த இடத்துலயே குறட்டை விடறீங்க. அதை அங்க போய் விடுங்களேன்."

போனார். சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் போதும், அவன் கூரைக்குக் கீழே தூங்குவதாவது என்று நினைத்துக்கொண்டுதான் போனார்.

"அப்பா, நடிக்காதீங்க" என்றாள் மகள், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "எல்லாம் திரையில தெரியுது."

காதில் வார்த்தைகள் ஜோடி ஜோடியாக வந்தன. குடை, ஏணி. பானை, மணி. திரைச்சீலையைத் தாண்டி வந்த வெயில் தண்ணீர்போல் ஆடியது. எங்கோ ஒரு மின்விசிறி முனகியது. பழைய பெஞ்சின் வாசனை வந்தது. பெஞ்சு மெல்ல நகர்ந்தது, லாரியாயிற்று. எதிரே கரும்பலகை நீண்டு நீண்டு சாலையாகிப் போனது. அதன் நடுவில் சட்டாம்பிள்ளை குனிந்தபடி சாக்பீஸால் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே முன்னால் போனான். ஹார்ன் அடிக்க மனம் வரவில்லை. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே டிரைவர் வெகுதூரம் போனார்.

"குடை?"

"ஏணி" என்றார், கண் விழித்தும் விழிக்காமலும்.

"பானை?"

"மணி."

ஒன்றுகூட விடவில்லை. மகள் குதிக்காத குறை.

பேராசிரியர் உள்ளே வந்தார். தலை வழுக்கை, வற்றிய உடம்பு. தழும்பு மட்டும் அப்படியே இருந்தது.

"ரொம்ப நன்றி ஐயா" என்று கையை நீட்டினார்.

டிரைவர் தொப்பியிலிருந்து தலையில் ஒட்டிய பசையைத் துடைப்பதில் மும்முரமானார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மகளுக்கு முகம் வெளிறிவிட்டது.

பேராசிரியர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றதைக் கேட்டதும் ஒருத்தன் ஞாபகம் வந்துடுச்சு ஐயா. எங்க வகுப்புல ஒரு பையன். பாடம் முடிஞ்சதும் தூங்குவான். எழுந்து ஒரு வார்த்தை விடாம ஒப்பிப்பான். எனக்கு அது வராது. பொறாமை. பலகையில எழுதி எழுதியே அவனைப் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டிட்டேன். இந்த ஆராய்ச்சியே அவனாலதான். அவன்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்கணும். தேடாத இடமில்ல."

ஒரு சொல் போதும். வாழ்நாள் பாக்கி அந்தக் கட்டில் ஓரத்திலேயே தீர்ந்துவிடும். நாக்கு நுனிவரை வந்ததை டிரைவர் விழுங்கினார்.

"இந்தப் பொண்ணுக்கு மார்க் போடறது யாரு?"

"நான்தான் ஐயா. அடுத்த மாசம்."

"சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

வாசலைத் தாண்டியதும் மகள் பொரிந்து தள்ளினாள். "அவ்வளவு பெரிய மனுஷன் கை நீட்டறார். மனசு விட்டுப் பேசறார். உங்களுக்கு பஸ்தான் முக்கியமா? அப்படி என்ன பண்ணிட்டார் அவர் உங்களுக்கு?"

"ஒரு பாக்கி இருக்கு."

"அதை அங்கேயே கேட்டு முடிக்க வேண்டியதுதானே?"

"கேட்டா உடனே தீர்க்கப் பார்ப்பான். எதுல தீர்ப்பான்? உன் மார்க்குல. நீ ராத்திரி பகலா உழைச்சு வாங்கறது உன் மார்க்கா இருக்கணும், என் பாக்கியா இருக்கக் கூடாது."

பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல நீ பட்டம் வாங்கு. அதுவரைக்கும் சட்டாம்பிள்ளை இந்தத் தூங்குமூஞ்சியைத் தேடிக்கிட்டே இருக்கட்டும்."